சாயங்காலக் களிம்பு

முள்ளோடை உப்பளத்தில் பிரமுவின் உள்ளங்கையில் களிம்பு சுரந்த அன்றைக்கு யாரும் வேலைக்கு லீவு போடவில்லை. விடியுமுன்னே பாத்திக்குள் இறங்கி உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டிருந்தவள், பிடி வழுக்குகிறதே என்று கையை முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் வழுக்கியது, மறுபடியும் துடைத்தாள், கடைசியில் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தபோது, முன்பெல்லாம் மாதம் ஒருமுறை அளத்துக்கு வந்துபோன ஆஸ்பத்திரி வேனின் வாசம் அடித்தது. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, பயம்தான் வந்தது, அதுவும் பலகையைக் கீழே போட்டால் கணக்கப்பிள்ளை ஏசுவாரே என்கிற பயம். அடுத்த பாத்தியில் அவள் புருஷனின் அக்கா பூரணம் நின்றாள். அவளைக் கூப்பிட்டாள்.

"மைனி, இங்க கொஞ்சம் வாங்களேன். கையெல்லாம் கொழகொழன்னு வருது."

பூரணம் வரப்பைத் தாண்டி வந்து, அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வலிக்குதாட்டி?"

"வலிக்கல மைனி. பால் கட்டுனாப்ல கனமா இருக்கு, அம்புட்டுதான்."

"அப்ப வீணாக்காத" என்று சொல்லிவிட்டு, பூரணம் வரப்பில் உட்கார்ந்து தன் குதிகாலைத் தூக்கிக் காட்டினாள்.

உப்பளத்துக்காரர்களின் குதிகாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதலில் அதில் ஒரு வெடிப்பு விழும், வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் போகும், போனது காயும், காய்ந்தது கல்லாகும், அந்தக் கல் வெடிப்பை அகட்டும், அகட்டின இடத்தில் மறுபடியும் தண்ணீர் போகும், இப்படியே ஒரு ஆயுசு போகும். ரப்பர் பூட்ஸ் வாங்கித் தருகிறேன் என்று முதலாளி ஒவ்வொரு சித்திரையிலும் சொல்வார், ஒவ்வொரு வைகாசியிலும் மறந்துவிடுவார், அவர் மறந்ததை யாரும் ஞாபகப்படுத்தாமல் பார்த்துக்கொள்வது கணக்கப்பிள்ளையின் வேலை. ஆஸ்பத்திரி வேன் வந்த காலத்தில் நர்ஸம்மா பெரிய டப்பாவிலிருந்து மரக்குச்சியால் களிம்பைத் தோண்டி, அவரவர் கொண்டுவந்ததில் அப்பிவிடுவாள். தீப்பெட்டியின் உள்கூடு, தேங்காய்ச் சிரட்டை, செய்தித்தாள் கிழிசல், ஒன்றும் கொண்டுவராதவர்களுக்குப் புறங்கை. ஒரு மாதம் வேன் வரவில்லை, அதற்கப்புறம் வரவே இல்லை, ஆனாலும் முள்ளோடையில் யாருக்கும் காலித் தீப்பெட்டியைத் தூக்கி எறிய மனசு வந்ததில்லை.

மத்தியானம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது பூரணத்தின் குதிகால் மூடியிருந்தது. மூடியிருந்தது என்றால் வெறுமனே ஒட்டிக்கொண்டது என்று அர்த்தமில்லை, அங்கே ஒரு காலத்தில் வெடிப்பு இருந்தது என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாதபடி பிறந்த பிள்ளையின் பாதமாக ஆகியிருந்தது. பூரணம் அழுதாள். பிரமுவுக்கும் அழுகை வந்தது, அது சந்தோஷ அழுகை, அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கையால் ஒன்று நல்லபடியாக ஆகியிருந்தது. மறுநாள் அந்தப் புதுப் பாதம் உப்புத் தண்ணீரில் இறங்கியதும் பூரணம் போட்ட அலறலில் அளத்து நாரைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன, ஏனென்றால் பழைய தோல் காய்த்துப்போன தோல், வலியோடு வாழப் பழகின தோல், புதுத் தோலுக்கு அது ஒன்றும் தெரியாது. நொண்டிக்கொண்டே வந்து, "ஏட்டி, இன்னும் கொஞ்சம்" என்றாள். அந்தக் களிம்பின் குணம் அதுதான், குணப்படுத்தும், குணப்படுத்தினதை மறுநாளும் குணப்படுத்த வேண்டியதாக ஆக்கும்.

அந்த வாரத்துக்குள் முள்ளோடையில் இருந்த எல்லாத் தீப்பெட்டிகளும் பிரமுவின் வாசலுக்கு வந்துவிட்டன. களிம்பு உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது, பாதத்திலும் முதுகிலும் சுரந்தது, எடுக்க எடுக்கச் சுரந்தது. செம்பில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுகிறோம், பெண்பிள்ளை மேல் ஏறினால் வாரி எடுத்துக்கொள்கிறோம், இரண்டுக்கும் நம் மொழியில் ஒரே பேர்தான் இருக்கிறது. அவளிடம் வந்தவர்கள் சீக்கிரமே அதன் நேரங்காலத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். விடியற்காலையில் வருவது கண்ணாடி போல இருக்கும், சோற்றுக்கற்றாழைச் சதை மாதிரி சில்லென்று பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், அது எரிச்சலுக்கு. உச்சிப்பொழுதில் வருவது வெள்ளை, தேய்த்தால் தோலுக்குள்ளேயே போய்விடும், தொட்டால் பிசுக்குத் தெரியாது. சாயங்காலம் வருவது மஞ்சள், கெட்டி, எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே போகாமல் தோலின் மேலேயே உட்கார்ந்திருக்கும், விரலால் வழித்தால் அப்படியே வந்துவிடும், வெடிப்பை மூடி நிற்பதற்கு அதுதான் தோது.

பிரமு இதையெல்லாம் பெருமையாகத்தான் செய்தாள். வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லவில்லை. ராத்திரி தன் மகள் செவ்வந்தியைக் கட்டிக்கொண்டு படுக்கும்போது மட்டும், பிள்ளை "அம்மா வழுக்குறா" என்று சிரிக்கும், பிரமுவும் சிரிப்பாள். செவ்வந்திக்கு அப்போதுதான் தாய்ப்பாலை மறக்கடித்திருந்தாள், அதனால் அது படுத்ததும் சேலையைத் தேடிப் பிடித்து ஒரு காலைத் தாய் மேல் போட்டால்தான் கண் மூடும். ரேஷன் கடைக்குப் போன இடத்தில் பிரமுவின் பெருவிரல் ரேகை மிஷினில் விழவில்லை, எத்தனை தடவை துடைத்து வைத்தாலும் விழவில்லை, கடைக்காரர் "நீ நீதான்னு மிஷின் ஒத்துக்க மாட்டேங்குது தாயி" என்றார். வெறும் பையோடு திரும்பி வரும் வழியில் அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள், அதில் ஒரு கோடுகூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு முதல்முறையாக இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு சந்தேகம் தட்டியது, ஆனால் வீட்டு வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள், யோசிக்க நேரமில்லை.

யாரோ ஒருத்தி சூடம் கொளுத்திக் கும்பிட்ட அன்றைக்குத்தான் கணக்கப்பிள்ளை தெய்வநாயகம் வந்தார். படித்தவர் அவர், அதாவது படித்ததை உரக்கச் சொல்லத் தெரிந்தவர். வந்ததும் சூடத்தை ஊதி அணைத்தார்.

"சாமின்னா கோயில் கெட்டணும், கொடை கொடுக்கணும், பெரிய பாடு. இது மருந்து. மருந்துன்னா ஒரு டப்பா போதும். எலே சித்திரைவேலு, உன் வீட்ல அந்த வேன் டப்பா ஒண்ணு கெடந்துச்சுல்லா, அதை எடு."

சித்திரைவேலு பிரமுவின் புருஷன். ஆள் கெட்டவன் இல்லை, யாராவது சத்தமாக ஒன்றைச் சொன்னால் அதைச் செய்துவிடுகிறவன், அவ்வளவுதான். உள்ளே போய் அந்த டப்பாவைக் கொண்டுவந்தான். அது பிரமு நர்ஸம்மாவிடம் கெஞ்சி வாங்கி வந்த டப்பா, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதில் மிளகாய் வற்றல் போட்டு வைத்திருந்தாள். கணக்கப்பிள்ளை வற்றலைத் தரையில் கொட்டிவிட்டு, டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, கோயிலில் ஏலம் விடுகிற குரலில் வாசித்தார்.

"வெளி உபயோகத்துக்கு மட்டும்."

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "கேட்டியளா? வெளிய இருந்தாத்தான் மருந்து. உள்ள வந்தா விஷம். இனிமே இவ வீட்டுக்குள்ள இருக்கப்பிடாது."

பிரமு சிரித்தாள். "அண்ணாச்சி, அது தோலுக்கு மேல பூசணும், முழுங்கப்பிடாதுன்னு சொல்லுறது."

"நீ எத்தனாவது படிச்சிருக்க?"

"அஞ்சாவது."

"நான் பத்தாவது."

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்து பிரமு திரும்பிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை, எல்லோர் கையிலும் தீப்பெட்டி இருந்தது. பாவம், அவர்கள் மேலும் முழுசாகப் பழி போட முடியாது, நாளைக்குக் காலையில் அந்தப் பிஞ்சுத் தோலோடு உப்பில் இறங்க வேண்டியவர்கள், மருந்து விஷமாகிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் அவர்களுக்கு. கணக்கப்பிள்ளை அடுத்த வரிக்குப் போனார்.

"கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். இதுக்கு விளக்கம் வேண்டியதில்ல. ஒருத்தர் கண்ணுலயும் இவ படக்கூடாது. எடுக்கப் போறவுக மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுத்தான் எடுக்கணும்."

இது முள்ளோடைக்காரர்களுக்குக் கஷ்டமாகத் தோன்றவில்லை. உப்பு வெள்ளையில் வெயில் பட்டுத் தெறிக்கிற கூச்சத்துக்குக் கண்ணைப் பாதி மூடித் தலையைத் தாழ்த்தியே வேலை செய்து பழகினவர்கள், பார்க்காமல் வாரி எடுப்பது அவர்களுக்குக் கைவந்த காரியம்.

"குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று மூன்றாவதை வாசித்தார் கணக்கப்பிள்ளை.

அப்போதுதான் பிரமுவுக்குச் சிரிப்பு நின்றது. "எம் பிள்ளைக்குமா அண்ணாச்சி?"

"பிள்ளைன்னா எல்லாப் பிள்ளையுந்தான். உன் பிள்ளைன்னு தனியாவா அச்சடிப்பான்?"

அவள் புருஷனைப் பார்த்தாள், "அத்தான்" என்றாள். சித்திரைவேலு கீழே சிந்திக் கிடந்த வற்றலைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பூரணம் செவ்வந்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான் பாத்துக்கிடுதேன்ட்டி, நீ கவலைப்படாத" என்றாள், அதை உண்மையான பாசத்தோடுதான் சொன்னாள். காகிதத்தில் காலாவதித் தேதி என்று போட்டு, அதற்கு நேரே ஒன்றும் இல்லை, பிரமு சாம்பல் போட்டுத் தேய்த்ததில் அது அழிந்துபோயிருந்தது. தேதி இல்லை என்றால் முடிவே கிடையாது என்று கணக்கப்பிள்ளை விளக்கம் சொன்னார், அதற்கு மட்டும் எல்லோரும் கை தட்டினார்கள்.

உப்பைக் குவித்து வைத்த அம்பாரத்துக்குப் பின்னால், வீடுகளை விட்டுத் தள்ளி, ஓலை வேய்ந்து ஒரு பந்தல் போட்டார்கள். குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்றும் இருந்ததால் சுற்றி ஈரச் சாக்குத் தொங்கவிட்டார்கள், வடிவது வீணாகாமல் இருக்க நடுவில் ஒரு சிமெண்ட் தொட்டியைக் கொண்டுவந்து போட்டு அதற்குள் பிரமுவை உட்கார வைத்தார்கள். சித்திரைவேலுவுக்கு அளத்து வேலையோடு பந்தலைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் கொடுக்கப்பட்டது, டீக்கடையில் அவனுக்கு முதல் கிளாஸ் வந்தது, "களிம்புக்காரரே" என்று கூப்பிட்டார்கள், அவன் மீசையைக் கொஞ்சம் முறுக்கிவிட ஆரம்பித்தான். அதிகாலை வாரல் ஆண்களுக்கு, சாயங்கால வாரல் எல்லோருக்கும் என்று முறை வைத்தார்கள். உச்சிப்பொழுது வாரல் முதலாளியின் பங்களாவுக்கு. உள்ளே போய்விடுகிற களிம்பு அல்லவா, பட்டுச்சேலையில் பிசுக்கு ஒட்டாது, பெரிய வீட்டு அம்மாவின் முகம் அதைப் பூசிப் பூசிப் பெருக்கப்பட்ட வாசல் போல் ஆகிவிட்டது என்று கார் டிரைவர் வந்து சொன்னான். அந்தச் சித்திரையில் முதலாளி பூட்ஸ் பேச்சையே எடுக்கவில்லை. யாராவது கேட்டால், "அதான் மருந்து இருக்குல்லா" என்று கணக்கப்பிள்ளை பதில் சொன்னார், அந்தப் பதிலில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது.

வந்தவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார்கள், உப்பு வாருகிற பழக்கத்தில் கையைப் பலகையாக வைத்து இழுத்தார்கள், சிரட்டையில் வழித்தார்கள், போனார்கள். முதலில் "வாரேன் பிரமு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்புறம் "வாரேன்" என்று மட்டும் சொன்னார்கள். அப்புறம் மருந்திடம் யாராவது சொல்லிக்கொண்டு போவார்களா என்று தோன்றிவிட்டது. அவர்களுக்குத் தெரியாததை, தெரிந்துகொள்ளவும் வசதியில்லாததை, பிரமு தொட்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஆடி மாதத்தில் அவள் கால் விரல்கள் இல்லை. வலிக்கவில்லை. விரல் இருந்த இடத்தில் களிம்பு இருந்தது, அதை மறுநாள் யாரோ வாரிக்கொண்டு போனார்கள். எங்கிருந்து வருகிறது என்ற சந்தேகத்துக்கு அன்றைக்கு விடை தெரிந்தது, அதைச் சொன்னால் கேட்பதற்கு மூஞ்சி எதுவும் அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மிச்சம் இருப்பது எவ்வளவாக இருந்தாலும் அதோடு வீட்டுக்குள் போய், செவ்வந்தி தன் மேல் ஒரு காலைத் தூக்கிப் போட, ஒரு ராத்திரி படுக்க வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்து, பாத்திகள் முழுகி, வேலை நின்றபோது, இனி யாருக்கும் களிம்பு வேண்டாமே என்று அவள் தொட்டியை விட்டு இறங்கினாள். கால் இல்லாததால் கையை ஊன்றி இழுத்து இழுத்து, சேற்றிலும் மழையிலும் வந்தாள். மழைத் தண்ணீர் அவள் மேல் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுந்தது, அவள் வந்த வழி முழுக்க ஒரு பளபளப்புக் கோடு விழுந்தது. வீட்டு வாசலில் சித்திரைவேலு நின்றான், உள்ளே செவ்வந்தி ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

"அத்தான், உள்ள விடுங்க. மழையில யாருக்கும் மருந்து வேண்டாம்லா."

சித்திரைவேலு கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மழை விட்டதும் வேணுமே பிரமு. நீ உள்ள வந்து விஷமாயிட்டியன்னா ஊர் என்னைய என்ன சொல்லும்?"

"அவள மட்டும் ஒருக்கா காட்டுங்க."

"கண்ணுல படக்கூடாதுன்னு இருக்குல்லா. நீ படிச்சவதானே, உனக்குத் தெரியாதா?"

கதவைச் சாத்தினான். சத்தம் வராமல் மெல்லத்தான் சாத்தினான், அதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும். ஆனால் கதவு நன்றாகவே சாத்திக்கொண்டது. பிரமு வந்த வழியே கையை ஊன்றி இழுத்துத் தொட்டிக்குத் திரும்பினாள். மழை விட்டதும் சின்னப் பையன்கள் தடுக்கி விழக்கூடாது என்று, வீட்டிலிருந்து பந்தல் வரைக்கும் விழுந்திருந்த அந்தப் பளபளப்புக் கோட்டைப் பூரணமும் இன்னும் சிலரும் குனிந்து சுரண்டி எடுத்தார்கள், இரண்டு சிரட்டை தேறியது.

தை போய் மாசி வந்து மறுபடியும் உப்பு பூத்தது. தொட்டிக்குள் கையை விட்டவர்களுக்கு இப்போது ஆழம் தெரிந்தது, முழங்கை வரை விட்டுத் துழாவ வேண்டியிருந்தது, "என்ன, கொறையுதோ?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். குறைகிறது என்று தெரிந்ததும் யாரும் நிறுத்தவில்லை. தீர்ந்துபோகுமுன் நம் பங்கை எடுத்து வைத்துக்கொள்வோம் என்று இரட்டைத் தீப்பெட்டி கொண்டுவந்தார்கள். பிரமுவுக்கு இடுப்பு போனது, நெஞ்சு போனது, ஒரு கை போனது. கடைசியில் தொட்டியின் அடியில் ஒரு முகமும் ஒரு உள்ளங்கையும் கிடந்தன.

பங்குனியில் ஒரு சாயங்காலம் செவ்வந்தி அம்பாரத்தில் ஏறி விளையாடி, சறுக்கி விழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டது. உப்பும் ரத்தமுமாக அலறிய பிள்ளையை சித்திரைவேலு தோளில் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு ஓடிவந்தான். அடிபட்ட பிள்ளைக்கு மருந்து போடலாமா என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டதற்கு, அப்பன் எடுத்துப் பூசினால் குற்றமில்லை, பிள்ளை கை எட்டக்கூடாது, அவ்வளவுதான் என்று உத்தரவு கிடைத்திருந்தது. பிள்ளையின் குரல் சாக்குக்கு அந்தப் பக்கம் கேட்டதும், தொட்டியின் அடியில் கிடந்த உள்ளங்கை தானாக விரிந்தது.

"செவ்வந்தி" என்றது முகம்.

செவ்வந்தி அழுகையை நிறுத்தியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது, நல்லபடி வளர்க்கப்பட்ட பிள்ளை. "மருந்து, எனக்கு முட்டியில அடிபட்டுட்டு. கொஞ்சம் தா."

"நான் மருந்து இல்ல தங்கம். உன் அம்மா. ஒருக்கா கண்ணைத் தெறந்து என்னையப் பாரு."

"பாக்கப்பிடாது. பாத்தா கண்ணு போயிரும்னு அத்தை சொல்லிருக்கு."

"போகாதுட்டி. ஒரே ஒரு தடவை."

செவ்வந்தி தலையை ஆட்டிவிட்டு, மூடிய கண் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டது. பிரமுவுக்கு அப்போது ஏற்பட்ட துக்கம், களிம்பு சுரக்க ஆரம்பித்ததிலிருந்து யாருக்கும் எடுத்துப் பூசக் கொடுக்காமல் அவள் தனக்கென்று வைத்திருந்த ஒரே பொருள். பிள்ளையிடம் கெஞ்சுவதை விட்டாள், வேறொரு யோசனை அவளுக்குத் தோன்றியது.

"அத்தான், இப்ப வேண்டாம். நாளைக்கு மத்தியானம் அவளைக் கூட்டிட்டு வாங்க. சாயங்காலத்துது மேலயே நின்னுரும். மத்தியானத்துதுன்னா நான் அவளுக்குள்ள போயிருவேன். அம்புட்டுதான் கேக்கேன், வேற ஒண்ணும் கேக்கல."

அவன் கேட்டான், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. "மத்தியானம் பங்களாவுக்குல்லா" என்றான், அதுவும் வருத்தத்தோடுதான் சொன்னான், "அதுவரைக்கும் பிள்ளை வலி தாங்குமா?" என்றும் கேட்டான். மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஆழத்துக்கென்று வைத்திருந்த கரண்டியைத் தொட்டிக்குள் விட்டுச் சுரண்டினான். சிமெண்ட்டில் கரண்டி உரசியது. ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, மூலையில் இன்னொரு இழுப்பு, அதோடு தொட்டி துடைத்து வைத்ததாகிவிட்டது, முகமாக இருந்ததும் உள்ளங்கையாக இருந்ததும் மஞ்சளாக, கெட்டியாக, கரண்டியில் ஒரே திரளாக வந்தது. அதை அப்படியே பிள்ளையின் முட்டியில் அப்பினான்.

அப்படித்தான் பிரமு வீட்டுக்குள் போனாள். சித்திரைவேலு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் நிலையைக் குனிந்து தாண்டியபோது அவளும் தாண்டினாள், விஷம் ஒன்றும் ஆகவில்லை. செவ்வந்தி பாயில் சுருண்டு படுத்து, முட்டியை வயிற்றோடு சேர்த்து மடக்கி, அதைக் கையால் கட்டிக்கொண்டு தூங்கியது, பிரமு அந்த மடிப்புக்குள் பிள்ளையின் வயிற்றுச் சூட்டிலும் மூச்சிலும் கிடந்தாள். ஒரு ராத்திரி என்று கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்ததும் அவளுக்கு அது போதவில்லை, எந்தத் தாய்க்குப் போதும், உள்ளே போய்விட வேண்டும், ரத்தத்தோடு கலந்துவிட வேண்டும், அப்புறம் யாராலும் வாரி எடுக்க முடியாது. காயம் திறந்துதான் இருந்தது, அவள் அதை நோக்கி அழுந்தினாள், பலம் முழுவதையும் கொண்டு அழுந்தினாள். சாயங்காலக் களிம்பு, அது போகாது. அவள் அழுந்த அழுந்தக் காயம்தான் ஆறியது. அவள் தொட்ட இடமெல்லாம் தோல் கூடியது, ஓரம் ஓரத்தோடு சேர்ந்தது, பிள்ளைக்குள் போக இருந்த ஒரே வாசலை அவளே கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டிருந்தாள், நிறுத்த முடியவில்லை, ஆற்றுவதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் செய்யத் தெரியாமல் போயிருந்தது. விடியும்போது முட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் வெளியே, தோலின் மேலே இருந்தாள்.

சித்திரைவேலு வேலைக்குப் புறப்படுமுன் பிள்ளையின் போர்வையை விலக்கிப் பார்த்தான். முட்டி சுத்தமாக ஆறியிருந்ததைப் பார்த்து மனசு நிறைந்து, குனிந்து அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான். மேலே மஞ்சளாக மிச்சம் ஒட்டியிருந்தது, தொட்டியில் வேறு ஒன்றும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும், பாயில் தேய்ந்து வீணாகப் போகுமே என்று சுண்டுவிரலால் பதமாக வழித்து எடுத்தான், ஒரு பொட்டுகூட விடவில்லை. எடுத்ததை வாசலில் உட்கார்ந்து தன் குதிகால் வெடிப்புக்குள் வைத்து அழுத்திவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு அளத்துக்கு நடந்தான்.

செவ்வந்தி எழுந்ததும் அத்தை சொல்லிக்கொடுத்தபடி கண்ணை மூடிக்கொண்டே "மருந்து?" என்று கூப்பிட்டது. அப்புறம் ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்து முட்டியைப் பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லாததால் இன்னொரு கண்ணையும் திறந்தது.

சித்திரைவேலு பாத்தியில் இறங்கினான். அன்றைக்கு முழுக்க அவனுக்குக் கால் எரியவில்லை.